குருந்தக்கல் ஆங்கிலத்துக்குப் போன வழி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடியபோது, மூலம் தமிழ், ‘குருந்தம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே சமயம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது: குருந்த மரத்தடியில் கிடைத்ததால் அது குருந்தக்கல், மாணிக்கமும் அதே வகைக் கல், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில்தான் மாணிக்கவாசகருக்கு உபதேசம் நடந்தது, ஆகவே இதெல்லாம் தற்செயல் இல்லை என்கிறது அந்தச் செய்தி. இதில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதியில் ‘தமிழ்’ என்று ஒரே சொல்லில் போட்டிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். நான் படித்தது கனிமவியல். அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் கலைச்சொற்களைச் சரிபார்க்கும் வேலை. தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அகராதி வைத்துப் புரிந்துகொள்வேன், அவ்வளவுதான். கீழே தெலுங்கு பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல். கொரண்டம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 9. வைரம் ஒன்றுதான் அதற்கு மேலே. குரோமியம் கொஞ்சம் கலந்து சிவந்தால் அது மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் அது நீலக்கல். நிறமும் தெளிவும் இல்லாமல் சாம்பலும் பழுப்புமாகக் கிடப்பதுதான் நம் ஊர்க் குருந்தக்கல். அதை இடித்துத் தூளாக்கி, அரக்கோடு உருக்கிச் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் சாணைக்கல் செய்தார்கள். படிக்கிற காலத்தில் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். உழுத புழுதியில் குனிந்து தேடிக்கொண்டே போனேன். கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கல் கிடைத்தது. ஆறு பக்கம், நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய மேளம் போன்ற வடிவம், மங்கலான இளஞ்சிவப்பு. கையில் எடுத்ததும் தெரிந்தது அதன் கனம். அதே அளவு வெங்கச்சங்கல்லைவிட (குவார்ட்ஸ்) ஒன்றரை மடங்கு இருக்கும். அந்த வெங்கச்சங்கல்லின் மேல் அதை இழுத்தேன், பள்ளமாகக் கோடு விழுந்தது. திருப்பி வெங்கச்சங்கல்லால் இதன் மேல் இழுத்தால் ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சொல் மேல் எனக்கு வந்த பிடிப்புக்கு அந்தக் கல்தான் காரணம்.

சரி, சொல்லுக்கு வருவோம். சந்தேகமே இல்லாத பகுதியில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். சார்ல்ஸ் கிரெவில் என்ற கனிமச் சேகரிப்பாளர் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ‘ஆசியாவின் கொரண்டம் கல்’ பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கல் எப்படி ஐரோப்பாவுக்கு வந்தது என்பதையும் அவரே அதில் சொல்கிறார். 1767 அல்லது 1768 வாக்கில் மதராஸில் இருந்த மருத்துவர் ஆண்டர்சன் எடின்பரோவில் இருந்த பெர்ரி என்ற கல் செதுக்குபவருக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் நீங்கலாக மற்ற மணிகளை இந்தியர்கள் இதை வைத்துத்தான் மெருகேற்றுகிறார்கள் என்ற குறிப்பும் கூட வந்தது. அங்கே ஜோசப் பிளாக் என்ற வேதியியல் அறிஞர் சோதித்துப் பார்த்து, ஐரோப்பாவில் அறிந்த எந்தக் கல்லும் இது இல்லை என்றார். அதன் கடினத்தை வைத்து ‘அடமன்டைன் ஸ்பார்’ என்று ஒரு பெயர் ஏற்பட்டது. நம் ஊர்ப் பெயர் கிரெவில் கைக்கு வந்தது 1784இல். ஆண்டர்சன் கொடுத்த மாதிரிக் கற்களோடு கர்னல் கேத்கார்ட் என்பவர் ‘கொரண்டம்’ என்ற உள்ளூர்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். ஐரோப்பியர் வைத்த பெயர் மறைந்து உள்ளூர்ப் பெயரே நின்றது கிரெவில் அதை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான். கல் எங்கே வெட்டப்படுகிறது என்று விசாரித்து, காவிரிப் பக்கம் பரமத்தி வட்டாரத்தில் இருந்து விவரம் வாங்கியும் போட்டிருக்கிறார். நான் கல் பொறுக்கிய சித்தம்பூண்டி அதே வட்டாரம்தான்.

ஆக, மதராஸ் வழியாகப் போனது, தமிழ் பேசும் மண்ணில் விளைந்த கல், அதை ஒட்டி எழுதப்பட்ட பெயர். இதுவரை உறுதி. அகராதிக்காரர்கள் ‘தமிழ்’ என்று போடுவதற்கு இது நல்ல காரணம்.

ஆனால் கிரெவிலே தன் கட்டுரையில் இன்னும் பழைய இரண்டு வரிகளை எடுத்துக் காட்டுகிறார். விஷயம் அங்கேதான் சுவாரசியமாகிறது. ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் தன் கல் சேகரிப்புக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். அது அச்சேறியது 1728இல். அதில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்து பல்க்லி என்பவர் அனுப்பிய கற்களும் உண்டு. இந்த எட்வர்ட் பல்க்லி கோட்டையின் மருத்துவர். இந்தியாவில் சட்ட விசாரணைக்காக நடந்த முதல் பிணப் பரிசோதனை என்று சொல்லப்படுவதை 1693இல் மதராஸில் செய்தவர் இவர்தான். வுட்வர்ட் பட்டியலில் ஒரு கல்லின் பெயர் ‘நெல்லா கோரிவிண்டம்’. நெல் விளையும் வயல்களில் கிடைக்கும், பெரும்பாலும் வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளும், இரும்பை மெருகேற்ற உதவும் என்பது குறிப்பு. இன்னொன்று ‘டெல்லா கான்விண்டம்’. பச்சை ஓடிய சாம்பல் நிறக் கல், மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகேற்ற உதவும் என்று போட்டிருக்கிறது.

இரண்டாவதில் உள்ள ‘கான்விண்டம்’ கைப்பிழை என்று பார்த்த உடனே தெரிகிறது. ஆங்கிலக் கையெழுத்தில் ‘ஆர்’, ‘ஐ’ என்ற இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டால் ‘என்’ மாதிரியே இருக்கும். ‘கோரிவிண்டம்’ ‘கான்விண்டம்’ ஆனது அப்படித்தான். பழைய ஏடுகளில் இதே தடுமாற்றத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ‘நெல்லா’வுக்கு வாருங்கள். தமிழ்க் காதுக்கு உடனே ‘நெல்’ கேட்கும். பக்கத்திலேயே நெல் வயல் என்று வேறு எழுதியிருக்கிறது. நானும் முதலில் படித்தபோது ‘நெல்லுக் குருவிந்தம்’ என்றுதான் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். பல நாள் கழித்து இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. நெல்லா, டெல்லா. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு, ‘தெல்ல’ என்றால் வெள்ளை. கறுப்புக் குருவிந்தம், வெள்ளைக் குருவிந்தம்! கறுப்பு இரும்புக்கு, வெளிறியது மணிகளுக்கு என்று பயனும் பிரிந்து நிற்கிறது. ‘தெல்ல’ என்பதைத் தமிழில் ‘தெள்ளிய’ என்று இழுத்துப் பொருத்தலாம்தான். ஆனால் ஜோடியாக வரும் இரண்டு சொல்லுக்கு ஒரே மொழியில் நேரான ஜோடிப் பொருள் கிடைக்கும்போது, ஒவ்வொன்றையும் தனியாக வளைப்பது முறை இல்லை. அன்றைய மதராஸில் தெலுங்கு தமிழுக்குச் சமமாகப் புழங்கிய மொழி. ஆங்கிலேயர்கள் அதை ‘ஜென்டூ’ என்று எழுதுவார்கள். பல்க்லிக்குக் கல் கொண்டுவந்து கொடுத்தவர் தெலுங்கு பேசியவராக இருந்திருக்கலாம். இந்த வாசிப்பு என் ஊகம். ஆனால் நல்ல ஊகம் என்று நம்புகிறேன்.

இந்த ஊகத்துக்கு வலு சேர்க்கும் சான்று இன்னும் பழையது. பிரெஞ்சுப் பயணி தெவெனோ 1666 வாக்கில் கோல்கொண்டா நாட்டில் இருந்தார். அங்கே ஒருவித வெள்ளை எமரிக் கல் (தேய்த்து மெருகேற்ற உதவும் கடினமான கல்) கிடைப்பதாகவும், தெலுங்கு மொழியில் அதன் பெயர் ‘கோரிண்ட்’ என்றும் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளை எமரி என்கிறார், பாருங்கள். மொழியின் பெயரையே குறிப்பிட்டுச் சொல்கிறார். 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் இந்த மேற்கோள் இருக்கிறது. அவர்கள் தெலுங்கில் குருவிந்தம், தமிழில் குருந்தம் என்று இரண்டையும் காட்டிவிட்டு, ஆங்கிலச் சொல்லின் நேரடி மூலம் பெரும்பாலும் தமிழ் வடிவம்தான் என்று முடிக்கிறார்கள். ‘பெரும்பாலும்’ என்று அவர்கள் போட்டதைக் கவனியுங்கள். பின்னால் வந்த சிறு அகராதிகளில் இடமில்லாமல் அந்தச் சொல் உதிர்ந்துபோயிற்று. நீங்கள் பார்த்தது அந்த உதிர்ந்த வடிவம்.

தமிழ் என்று அவர்கள் சாய்ந்ததற்குக் காரணம் நடுவில் இருக்கும் ‘வி’யாக இருக்கலாம். 1728இல் ‘கோரிவிண்டம்’ என்று வருவதில் ‘வி’ இருக்கிறது, தெலுங்குக் குருவிந்தத்தோடு பொருந்துகிறது. 1784இல் ‘கொரண்டம்’ என்று வருவதில் ‘வி’ இல்லை, தமிழ்க் குருந்தத்தோடு பொருந்துகிறது. கிரெவில் நிலைநிறுத்தியது இந்த இரண்டாவது வடிவம். ஆக இன்றைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் வடிவத்துக்குத் தமிழ் மூலம் என்பது நியாயமான முடிவு. ஆனாலும் தெவெனோவின் ‘கோரிண்ட்’ என்பதிலும் ‘வி’ இல்லை, அவர் அதைத் தெலுங்கு என்கிறார். இந்தியிலும் ‘குரண்ட்’ என்ற வடிவம் உண்டு. அதனால் ‘வி’ போய்விட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் எழுதினால் ‘தமிழ் குருந்தம், ஒப்பிடுக தெலுங்கு குருவிந்தம்’ என்று இரண்டையும் போடுவேன்.

ஒலி மாறிய விதத்தில் சிக்கல் எதுவும் இல்லை. ஆங்கில அகராதியில் தமிழ்ச் சொல்லை எழுத்துப்பெயர்ப்பாகப் போடும்போது ‘குருன்தம்’ என்று வல்லொலி வருவது மாதிரி எழுதியிருப்பார்கள். நாம் ‘ந்த’ என்பதை மெல்லினத்துக்குப் பின் மெத்தென்று உச்சரிப்போம் என்பது அந்த எழுத்தில் தெரியாது. ஆங்கிலக் காதில் அது ‘ண்ட’ என்று விழுந்தது. முதலில் உள்ள ‘கு’ ‘கொ’ ஆனதற்கும் கடைசி ‘அம்’ ‘உம்’ என்று எழுதப்பட்டதற்கும் ஒரே உதாரணம் போதும். கும்பகோணத்தைப் பழைய ஆங்கில ஆவணங்களில் ‘கோம்பகோனும்’ என்று படிக்கிற மாதிரிதான் எழுதியிருப்பார்கள். அதே கு, அதே அம், அதே மாற்றம். இந்த ‘உம்’ பிற்காலத்தில் பலரை ஏமாற்றியது. லத்தீன் சொற்களில் வரும் ‘உம்’ மாதிரியே இருப்பதால், கனிமவியல் வகுப்பில் என்னோடு படித்த பலரும் இதை லத்தீன் என்றே நினைத்தார்கள். ஜெர்மன் மொழி அந்த ‘உம்’மை வெட்டிவிட்டு ‘கோருண்ட்’ என்று வைத்துக்கொண்டது. லத்தீன் விகுதி என்று நினைத்து வெட்டினார்கள் போலிருக்கிறது. வெட்டுப்பட்டது பவளம், வைரம், மரகதம் என்று நம் வாயில் தினம் வரும் அந்த ‘அம்’.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் செய்தி. குருந்த மரம் உண்மையான மரம். காட்டெலுமிச்சை இனம், முள் இருக்கும், வெள்ளைப் பூ பூக்கும், சங்கப் பாட்டிலேயே வருகிறது. திருப்பெருந்துறை என்னும் ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகருக்குக் குருந்த மரத்தடியில் குரு காட்சி தந்தார் என்பதும் நெடுநாள் மரபு. ஆனால் கல்லுக்கு மரத்தால் பெயர் வந்தது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. எதிர்ச் சான்று உண்டு. கல்லின் பெயருக்குப் பழைய வடிவம் ‘குருவிந்தம்’. மரத்தின் பெயர் ‘குருந்து’, ‘குருந்தம்’. மரத்தைக் குருவிந்தம் என்று யாரும் சொன்னதாக நான் பார்த்ததில்லை. இரண்டு வெவ்வேறு சொல். ஒன்று நடுவில் தேய்ந்து மற்றொன்றின் வடிவத்தில் வந்து நின்றது, அவ்வளவே. மாணிக்கவாசகர் என்ற பெயரில் உள்ள மாணிக்கம் அவர் வாசகத்தின் உயர்வைச் சொல்வது. அந்தப் பெயருக்குப் பெருமை சேர்க்க மரமும் கல்லும் ஒன்று என்று நாம் நிறுவ வேண்டியதில்லை.

தமிழில் குருவிந்தம் எவ்வளவு பழையது என்றால், சிலப்பதிகாரம் வரைக்கும் போகலாம். ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதியைச் சொல்லும்போது ‘பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்’ என்று மாணிக்க வகைகள் வரிசையாக வருகின்றன. அதில் ‘விந்தம்’ என்பதற்குக் குருவிந்தம் என்று உரை. வடமொழியிலும் குருவிந்தம் உண்டு. 6ஆம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் வராகமிகிரர், பதுமராகம் என்னும் மாணிக்கம் பிறக்கும் கற்களில் ஒன்றாகக் குருவிந்தத்தைச் சொல்கிறார். ஆக தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றிலும் சொல் இருக்கிறது. யார் யாரிடம் வாங்கியது?

இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். வடமொழியில் இருந்து தெற்கே வந்தது என்று பல அகராதிகள் எழுதுகின்றன. பதுமராகம், சௌகந்திகம் என்று கூடவே வரும் பெயர்கள் எல்லாம் வடமொழியாக இருப்பதால் அது வலுவான கட்சி. எதிர்க் கட்சிக்கும் கொஞ்சம் பிடிமானம் உண்டு. வடமொழியில் குருவிந்தம் என்பது மணியை மட்டும் குறிக்கவில்லை. ஒரு கோரைப் புல்லையும் வேறு செடிகளையும் குறிக்கிறது, அந்தப் பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் தெளிவான வேர் அங்கே காட்டப்படவில்லை. கல் ஏராளமாகக் கிடப்பதோ தெற்கே. அப்படியானால் தெற்கத்திச் சொல் வடக்கே போய்ப் புல்லின் பெயரோடு கலந்துவிட்டதோ என்று கேட்க இடம் இருக்கிறது. தொல்காப்பியம் ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்கிறது, அதாவது ‘குரு’ என்றால் நிறம். குருமணி என்ற பழஞ்சொல்லும் உண்டு. இவற்றை வைத்து ‘நிறம் உள்ள கல்’ என்று தமிழ் வேர் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது சான்று ஆகாது. மீதி ‘விந்தம்’ என்ன என்று அந்த விளக்கத்தில் பதில் இல்லை. பாதிச் சொல்லுக்கு மட்டும் வேர் சொல்லும் விளக்கத்தை நான் ஏற்பதில்லை, அது தமிழுக்குச் சாதகமாக இருந்தாலும் சரி. இந்த ஒரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

சொல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. சிலப்பதிகாரத்தில் குருவிந்தம் மணிக்கடை வீதியில் விற்கும் மணி. சாணை பிடிக்கிறவர் பட்டறையில் குருந்தம் கத்தி தீட்டும் கல். ஒரே பெயர் இரண்டுக்கும் எப்படி? ஐரோப்பியர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. மாணிக்கமும் நீலமும் கரடுமுரடான கொரண்டமும் ஒரே இனம் என்று 1802இல் போர்னோன் என்ற பிரெஞ்சுப் பிரபு படிக வடிவங்களை அளந்து அதே ராயல் சொசைட்டி இதழில் விரிவாக எழுதினார். அதே ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட், கிரேக்கத் தீவுகளில் இருந்து வரும் எமரிக் கல்லும் அடிப்படையில் இதுவே என்று காட்டினார். இன்று நாம் உப்புத்தாள் என்று சொல்லும் தாளுக்கு ஆங்கிலத்தில் எமரி என்று பெயர் வந்தது அந்தக் கல்லால்தான். நம் ஊர்க் கல் தொழிலாளிகள் வேதியியல் அறிந்து ஒரே பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு பக்க மேள வடிவத்தையும் கனத்தையும் கடினத்தையும் தினமும் விரலால் அறிந்தவர்கள், சிவந்து தெளிந்ததும் மங்கிக் கிடப்பதும் உறவு என்று உணர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, உங்கள் வீட்டுச் சாணைக்கல்லில் ‘கார்போரண்டம்’ என்று அச்சடித்திருப்பதும் இதே சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அதன் பின்பாதி நம் சொல்தான். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் கடும் சூடேற்றியபோது மின்னும் கரும்படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்து உருவான பொருள் என்று நினைத்து இரண்டு பெயரையும் ஒட்டி வைத்தார். பின்னால் பார்த்தால் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த கல், கொரண்டம் அதில் துளிகூட இல்லை. பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை.